கிரிப்டோ நாணயம்: அறிவின் ஆக்கமா, ஆசையின் ஆக்கமா?

(சிதம்பரத்திற் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கடலூர்த் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழ்நாள் கழிக்கும் தமிழாசிரியன் யான். கணிப்பொறி நுட்பத்தைச் சார்ந்த ஒரு பொருளைப்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபோது, 'இதற்கு யான் தக்கவன் அல்லேன்' என்று விலகப் பார்த்தேன். 'நுட்பம் அறிந்தவர் பலர் உளர். பட்டு அறிந்தவர் நீரே' என்று அவர் கூறினார். அப்பட்டறிவு இன்னதென்பதைத் தக்க இடத்தில் உரைப்பேன். அதுவரை என் சொல்லிற் குற்றங் காணின் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

முதற்கண், இப்பேச்சிற்கு இன்று நேர்ந்த தேவையைக் கூறிவிடுதல் முறை. நம் சங்கத்தின் கல்வி நிதியிற் பத்தில் ஒரு பங்கை எடுத்துக் கிரிப்டோ நாணயத்தில் இடவேண்டும் என்னும் தீர்மானம் இன்று பிற்பகல் வாக்கிற்கு வருகிறது. அதனைக் கொணர்ந்தோர் நம் பிள்ளைகளே, நன்கு கற்றவர்கள், சங்கத்தின்பால் அன்புடையவர்கள். அவர்கள் காட்டும் காரணம் இரண்டு. 'இது வளர்ந்து வரும் தொழில்நுட்பம். இதிற் சேராத சமூகம் பின்தங்கும்' என்பது ஒன்று. 'இதன் விலை ஏறிக்கொண்டு வருகிறது. நிதி பன்மடங்காகும்' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அவர்கள் ஒரே மூச்சிற் சொல்லுகின்றனர். யானும் ஒரு காலத்தில் அங்ஙனமே சொன்னவன். முதற்காரணம் அறிவைப் பற்றியது. இரண்டாவது ஊதியத்தைப் பற்றியது. கிரிப்டோ நாணயத்தை இந்நாளில் இயக்குவது இவ்விரண்டனுள் எது என்பதே நாம் ஆராயத்தக்க வினா.

'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரு பொருள் உண்டு. அச்சிட்ட காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். 'அவர் நாணயமான மனிதர்' என்றால், அவர் மடியிற் காசு மிகுதி என்று எவரும் பொருள் கொள்ளார். அவருக்குக் கடன் கொடுத்தவன் எழுத்தில்லாமலும் அச்சமின்றி உறங்கலாம் என்றே பொருள் கொள்வர். காசுக்கு உயிர் நம்பிக்கை என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்துப் போயினர். இன்று பேசப்படும் புதிய நாணயத்திற்கு உலோகமும் இல்லை, தாளும் இல்லை, அரசின் முத்திரையும் இல்லை. ஆதலின், இரண்டாம் பொருளாகிய நாணயம் அதற்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டல் நம் கடன்.

நுட்பத்தை எளிய முறையிற் சொல்லுவேன். நம் தெருவில் இருபது பேர் சீட்டுப் பிடிப்பதாகக் கொள்வோம். கணக்கேடு ஒருவர் கையில் மட்டும் இருப்பின், அவர் ஓர் எண்ணைத் திருத்தினாலும் மற்றவர்க்குத் தெரியாது. இருபது பேரிடத்தும் ஒவ்வொரு படி இருந்து, எழுதப்படும் ஒவ்வொரு பக்கமும் இருபது படிகளிலும் ஏறுமாயின், ஒருவர் செய்த திருத்தத்தை மற்றப் பத்தொன்பது ஏடுகளும் காட்டிக் கொடுக்கும். இதன்மேல் இன்னுமொரு காவல் உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் கணிதத்தால் அரைத்து ஒரு சிறு முத்திரையெண் ஆக்குவர். பக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் அம்முத்திரை முற்றும் மாறிவிடும். முதற்பக்கத்தின் முத்திரை இரண்டாம் பக்கத்தின் தலையில் எழுதப்படும்; இரண்டாவதன் முத்திரை மூன்றாவதன் தலையில் எழுதப்படும். ஆதலின் பழைய பக்கமொன்றைத் திருத்த முயல்வோன், அதன்பின் வந்த பக்கங்கள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும்.

நம் யாப்பில் அந்தாதி என்னும் தொடை உண்டு. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகும். இடையில் ஒன்றை உருவினால் மாலை அறுந்துபோகும். பிளாக்செயின் என்று உலகோர் கூறுவதனை யான் என் மாணவர்க்கு 'ஏட்டந்தாதி' என்றே சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் எளிதில் உணர்கின்றனர்.

இவ்வேட்டந்தாதி நாணயத்தோடு பிறந்ததன்று என்பதை ஈண்டு நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் அறிஞர் இருவர், கணிப்பொறியில் உள்ள ஆவணமொன்று இன்ன நாளில் இவ்வாறே இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொருட்டு இம்முறையைக் கண்டு கட்டுரை வெளியிட்டனர். 1995 முதல், அத்தகைய முத்திரையெண்ணை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் ஒரு சிறு விளம்பரமாக அச்சிடும் வழக்கமும் தோன்றியது. பல்லாயிரம் வீடுகளிற் கிடக்கும் செய்தித்தாளை எவன் திருத்தவல்லான்? அம்முயற்சியில் விலையேற்றம் என்னும் பேச்சே இல்லை. 1997இல் ஆடம் பேக் என்பவர், வேண்டாத மின்னஞ்சல்கள் வந்து குவிவதைத் தடுக்க, அனுப்புவோனுடைய கணிப்பொறி ஒரு சிறு கணக்கை உழைத்துத் தீர்க்கவேண்டும் என்னும் முறையை வகுத்தார். அங்கும் காசு இல்லை.

இவற்றையும் இவைபோன்ற பிறவற்றையும் இணைத்து, 2008 அக்டோபர் 31ஆம் நாள், சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வங்கியென்னும் இடையாள் இல்லாமலே ஒருவர் மற்றொருவர்க்குப் பணம் அனுப்புதல் கூடும் என்பது அதன் சாரம். 2009 ஜனவரி 3ஆம் நாள் பிட்காயின் ஏட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது. வங்கிகளை மீட்க இங்கிலாந்து அரசு இரண்டாம் முறையும் பொருள் தரவிருப்பதைக் குறித்து அன்றைய இலண்டன் டைம்ஸ் இதழ் இட்ட தலைப்பு, அம்முதற்பக்கத்தினுள்ளே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சில திங்கள் முன்னரே, 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனம் வீழ்ந்து உலகெங்கும் வங்கிகள் ஆட்டங் கண்டன. ஆகவே, இந்நூதன முயற்சி ஒரு மெய்யான மனக்குறையினின்று பிறந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

அம்மனக்குறை நம் நாட்டார்க்கும் புதியதன்று. 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, கடற்கரையிற் பெரிய கட்டடம், நெடுங்காலத்துப் பெயர் என்று நம்பி, உத்தியோகஸ்தரும் ஓய்வூதியம் பெறுவோரும் கைம்பெண்களும் தம் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். கதவு அடைபட்ட அன்றுதான் கணக்கின் உள்நிலை வெளிவந்தது. அதன் தலைவராகிய சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 திங்கள் கடுங்காவல் பெற்றார். இழந்தோர்க்கு அதனால் இழந்த பொருள் மீளவில்லை. அத்துயரினின்று நம்மவர் செய்தது யாது? வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முன்னின்று உழைத்து, 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். கணக்கேடு பிறர் பெட்டியிற் பூட்டிக் கிடப்பின் அது நமக்குக் கூற்றாகும் என்பதை அன்று அவர்கள் உணர்ந்தனர். நூறாண்டு கழித்து நகமோட்டோ என்பாரும் அதனையே உணர்ந்து, 'ஏட்டைத் தெருவில் திறந்து வைப்போம்' என்றார். எண்ணம் நன்று.

இனி, ஊதியம் இதனுள் எங்ஙனம் புகுந்தது என்று காண்போம். அது பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதன்று, அமைப்பிலேயே வைக்கப்பட்டது. ஏட்டின் புதிய பக்கத்தை எழுதும் உரிமைக்காக உலகெங்கும் கணிப்பொறிகள் ஓர் எண் புதிரைத் தீர்க்கப் போட்டியிடுகின்றன. ஏறக்குறையப் பத்து நிமிடத்திற்கு ஒன்று வெல்லும். வென்றவர்க்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு பக்கத்திற்கு 50 பிட்காயின்; நாலாண்டிற்கு ஒருமுறை அது பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்திற்கு மேல் எக்காலத்தும் வெளிவாராது. காவற்காரனுக்குக் கூலி கொடாமற் காவல் நடவாது. ஆதலின் கூலியை யான் பழிக்கவில்லை. ஆயினும், அக்கூலிக்காக எரியும் மின்சாரம் ஒரு நடுத்தர நாடு ஓராண்டில் செலவிடும் அளவிற்கு வந்துவிட்டது எனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் மதிப்பிடுகின்றனர். நெய்வேலியில் நிலத்தைத் தோண்டிக் கரி எடுத்து மின்சாரம் ஆக்கும் மாவட்டத்திலிருந்து வந்தவர் நாம். ஓர் அலகு மின்சாரத்திற்குப் பின்னால் எத்தனை ஊர்கள் இடம் பெயர்ந்தன என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

பொருள் ஈட்டுதல் குற்றமா? அன்று. திருவள்ளுவர் பொருள்செயல்வகை என ஓரதிகாரமும் சூது என ஓரதிகாரமும் வகுத்து, இரண்டையும் பொருட்பாலிலேயே வைத்தார். முன்னதைச் செய்க என்றார். பின்னதை விடுக என்றார். இரண்டிலும் கைக்குக் காசு வருதல் உண்டு. வேறுபாடு, அக்காசு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. உழவன் ஊதியம் பெறும்போது உலகில் நெல் மிகுகிறது. நெய்வோன் ஊதியம் பெறும்போது துணி மிகுகிறது. ஆலையிற் பங்கு வாங்கியவனுக்கு ஆலையின் இலாபத்திற் கூறு வருகிறது. வங்கியில் இட்டவனுக்கு வட்டி வருகிறது. பிட்காயினை வாங்கி வைத்தவனுக்கு விளைச்சலும் இல்லை, வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. அவனுக்கு ஊதியம் வரவேண்டுமாயின், அவனுக்குப் பின் வருவான் ஒருவன் மிகுதியான விலை கொடுத்தல் வேண்டும்.

'பொன்னும் அத்தகையதே அன்றோ?' என்று நம் இளைஞர் வினவுவர். ஓரளவு உண்மையே. ஆயினும் பொன் கழுத்தில் அணியாக இருக்கிறது. மருத்துவச் செலவு வந்த அன்றே அடகுக்கடையிற் பணமாகிறது. ஓராண்டிற்குள் அதன் விலை நாலில் ஒன்றாக விழுந்ததை எவரும் கண்டதில்லை. பிட்காயினோ 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலரைத் தொட்டு, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழ் இறங்கியது.

இவ்விடத்தில் என் பட்டறிவைக் கூறிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், என்னிடம் பயின்று பெங்களூரில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் சொல்ல, யான் 60,000 ரூபாய் கொடுத்துப் பிட்காயினிற் சிறு கூறு வாங்கினேன். அதனை விற்கும் சந்தையின் செயலி என் கைப்பேசியில் ஏறியது. அஃது எந்தச் சந்தை என்பது இங்கு வேண்டா. ஐந்து வாரத்தில் என் பொருள் 75,000 ரூபாயைக் கடந்தது. அந்நாள்களில் வகுப்பிற் பாடம் நடத்தும்போதும் என் கை சட்டைப்பையைத் தடவும். நாளொன்றுக்கு இருபது முறையேனும் விலையைப் பார்த்தேன். அத்தனை முறை பார்த்த யான், 'இவ்வேட்டந்தாதியில் இன்று என்ன புதுமை செய்தனர்? இதனால் எவருக்கு என்ன பணி நடந்தது?' என்று ஒருநாளும் தேடிப் படித்ததில்லை. இன்று உங்கட்குக் கூறிய ஹேபர், ஸ்டோர்னெட்டா என்னும் பெயர்களையும் யான் பொருளிழந்த பின்னரே அறிந்தேன்.

அதனோடு நின்றிருந்தால் இழப்பு என்னோடு போயிருக்கும். இச்சிதம்பரத்தில் வாழும் என் தங்கை கணவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று மூன்று இலட்சம் ரூபாய் வைத்திருந்தார். அவரிடம் யான் சென்று பேசினேன். 'விலை ஏறும், வாங்குங்கள்' என்று யான் சொல்லவில்லை. அங்ஙனம் சொல்ல எனக்கு நாணமாயிருந்தது. 'மாப்பிள்ளை, இஃது உலகையே மாற்றப்போகும் தொழில்நுட்பம். நம் பிள்ளைகள் காலத்தில் எல்லாம் இதுதான்' என்று சொன்னேன். ஆசிரியன் சொல்லுக்கு நம் குடும்பங்களில் உள்ள மதிப்பை நீங்கள் அறிவீர்கள். அவர் மூன்று இலட்சத்தையும் இட்டார். அடுத்த ஆனியில் கட்டணம் கட்டவேண்டிய நாள் வந்தபோது அது ஓர் இலட்சத்திற்குங் கீழே கிடந்தது. என் தங்கையின் வளையல்கள் அடகுக்கடை ஏறின. மருமகள் கல்லூரியிற் சேர்ந்தாள். இன்றுவரை அவர்கள் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதனாலேயே யான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

'விற்காமல் வைத்திருந்தால் இலாபம் வந்திருக்குமே!' என்று சொல்வோர் உளர். மெய்தான். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் 1,00,000 டாலரைக் கடந்தது. 2025 அக்டோபரில் 1,25,000 டாலரையும் தாண்டிவிட்டு, அடுத்த திங்களிலேயே 90,000க்குக் கீழ் இறங்கவும் செய்தது. ஆயின் கல்லூரியின் கட்டண நாள் விலைக்காகக் காத்திராது. ஏறும்வரை காத்திருக்கும் வசதி எவனுக்கு உண்டோ அவனுக்கே அந்த இலாபம். கல்வி நிதியிற் கைநீட்டும் பிள்ளைக்கு அவ்வசதி இல்லை என்பதனாலன்றோ அவன் நம்மிடம் வருகிறான்?

என் கதையில் நுட்பம் எங்கே இருந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். எங்கும் இல்லை. இடையாளை நீக்குவதற்கென்று பிறந்தது இந்நாணயம். யானோ அதனை ஓர் இடையாளிடமே வாங்கி, அவரிடமே விட்டுவைத்தேன். என் கைப்பேசியிற் கண்டது அவருடைய ஏட்டில் என் பெயருக்கு நேரே எழுதிய ஓர் எண் மட்டுமே. உலகறிய விரித்துவைத்த ஏட்டந்தாதியை யான் ஒருமுறையும் தொடவில்லை. வாங்குவோரிற் பெரும்பாலார் நிலை இதுவே. நுட்பத்தைக் கண்டு மகிழ்ந்து வாங்குவதாகச் சொல்லுகிறோம். வாங்கியபின் அந்நுட்பத்தைப் பயன்கொள்வதே இல்லை.

இதன் விளைவு என்ன? எஃப்.டி.எக்ஸ். என்னும் பெருஞ்சந்தை 2022 நவம்பர் 11ஆம் நாள் திவாலாயிற்று. வாடிக்கையாளர் பொருளைத் தன் உறவு நிறுவனத்திற்குத் திருப்பிவிட்ட குற்றத்திற்காக அதன் தலைவர் சாம் பாங்க்மன்-ஃபிரைடு, 2024 மார்ச்சுத் திங்களில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1906இல் அர்பத்நாட் கம்பெனியின் ஏடு பெட்டியிற் பூட்டிக் கிடந்தது, 2022இல் எஃப்.டி.எக்ஸ். ஏடும் பூட்டியே கிடந்தது. நம் நாட்டில், 2024 ஜூலை 18ஆம் நாள் வசீர்எக்ஸ் என்னும் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. முதலிட்டோர் தம் பொருளை எடுக்கவியலாமல் ஓராண்டிற்கு மேல் காத்துக் கிடந்தனர். அவருள் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயமும் ஒருவகைச் சொத்தே. அதனைப் பிறர்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருத்தலும் கூடும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் உரைத்தது. இடையாள் வேண்டா என்று தொடங்கிய நாணயம், இடையாளிடமிருந்து தன்னைக் காக்குமாறு நீதிமன்றத்தின் படியேறி நிற்கிறது. நம்பிக்கை என்பது கணிதத்தால் முற்றும் ஒழிந்துவிடும் பொருளன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நுட்பமே நோக்கமாக வருமாயின் அஃது எப்படி இருக்கும் என்று காண விரும்புவோர், கடலூர் முதுநகர்த் துறைமுகத்திற்கு விடியற்காலையில் வாருங்கள். மீன் கூடையின் விளிம்பில் ஒரு கட்டம்போட்ட அட்டை சார்த்தியிருக்கும். வாங்குவோர் கைப்பேசியை நீட்டுவர், 'வந்துடுச்சு' என்பார் அந்த அம்மையார், மீன் கைமாறும். 2016இல் வந்த யு.பி.ஐ. முறை அது. 2023 ஆகஸ்டிலிருந்து அதன் வழியாகத் திங்கள் ஒன்றுக்கு ஆயிரங் கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடக்கின்றன. யு.பி.ஐ. விலை ஏறும் என்று எவரேனும் அதனை வாங்கி வைத்தது உண்டோ? வாங்கத்தான் முடியுமோ? மீன் விற்கிறவர் அதன் விலையை நாளைக்கு இருபது முறை பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது மீன் விலையை. கருவி கருவியாக இருக்கும்போது அதனை மறந்துவிட்டு நம் தொழிலைப் பார்க்கிறோம். கருவியே பந்தயப் பொருளாகும்போது நம் தொழிலை மறந்து அதனைப் பார்க்கிறோம். இவ்வுரைகல்லில் உரைத்தால் கிரிப்டோ நாணயத்தின் நிறம் தெரிந்துவிடும். 2010 மே 22ஆம் நாள் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்று அது காசாகப் பயன்பட்டது. இன்று அந்நிகழ்ச்சியைச் சொல்லுவோர் எல்லோரும், 'ஐயோ, செலவழித்துவிட்டாரே!' என்று இரங்குகின்றனர். செலவழித்தவனைப் பார்த்து உலகம் இரங்குமாயின், அது செலவாணி ஆகுமா?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூறாமல் விடுதல் அறமாகாது. யு.பி.ஐ. வங்கிகளையும் அரசையும் நம்பி நிற்பது. 2016 நவம்பரில் பெருந்தாள்கள் செல்லா என்று ஓரிரவில் அறிவிக்கப்பட்டபோது நாம் வெயிலில் வரிசையில் நின்றதை மறந்துவிடவில்லை. பணவீக்கத்தாற் காசு நாள்தோறும் கரையும் நாடுகளில், டாலரோடு பிணைத்த கிரிப்டோ நாணயங்களை எளியோர் சேமிப்பிற்குக் கையாளுகின்றனர் என்பதும் உண்மை. எதீரியம் என்னும் நாணயத்தின் பொறியாளர் 2022 செப்டம்பரில் தம் ஏட்டைக் காக்கும் முறையையே மாற்றி, அதன் மின்செலவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் குறைத்தனர். அது மெய்யான அறிவுச்செயல். நாணயமே இல்லாமலும் ஏட்டந்தாதி பயன்படும். தமிழ்நாட்டு அரசு 2020இல் பிளாக்செயினுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆகவே, அறிவு இங்கே இல்லை என்று யான் சொல்லவில்லை. அறிவு ஓர் ஓடையாக ஓடுகிறது. ஆசை வெள்ளமாக ஓடுகிறது. வெள்ளத்தில் இறங்குவோன் ஓடையில் நீராடுவதாகத் தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொள்ளலாகாது என்பதே என் வேண்டுகோள்.

'அறிவு மெய்யாயின் நாணயத்தின் விலையும் உயர்ந்துதானே தீரும்?' என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இதற்கு விடை நம் அண்டையிலேயே கிடக்கிறது. இங்கிருந்து கடலூர் செல்லும் வழியில், வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1830ஐ ஒட்டி, ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு வந்து, அங்கே ஓர் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புக் கல்லை மரக்கரியால் உருக்கி, ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் ஆலை; இந்நாட்டில் அக்காலத்துப் புதுமைகளுள் ஒன்று. அஃது ஊதியம் தரவில்லை. பெரும்பொருளை விழுங்கியது; கரிக்கு வேண்டிய காடு குறைந்தது; அந்நூற்றாண்டு முடியுமுன்னரே ஆலை மறைந்தது. ஹீத் இங்கிலாந்து சென்று, உருக்கோடு மாங்கனீசு சேர்த்து அதன் தரத்தை உயர்த்தும் முறையை 1839இல் உரிமைப்பதிவு செய்தார். ஷெஃபீல்டு நகரத்து உருக்குத்தொழில் அதனாற் செழித்தது. ஹீத்துக்குக் கிடைத்தவை நெடிய வழக்குகள். அறிவு மெய்யாகவே இருந்தது. இன்றும் உருக்கில் மாங்கனீசு இருக்கிறது. பரங்கிப்பேட்டை ஆலையிற் பொருளிட்டவர்க்கு அதனால் என் பயன்? நுட்பம் நிலைப்பது வேறு. அதன் பெயரால் விற்கும் சீட்டின் விலை நிலைப்பது வேறு. முன்னது உறுதி என்பதனால் பின்னதும் உறுதி என்று கூறுதல் ஏதுப்போலி.

சட்டத்தின் நிலையையும் இரு சொல்லிற் கூறுவேன். வங்கிகள் இந்நாணயத் தொழிலுக்கு உதவலாகாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் தடுத்தது. அத்தடையை உச்சநீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் ஊதியத்திற்கு நூற்றுக்கு 30 வரி விதிக்கப்பட்டது. ஒரு நாணயத்தில் வந்த இழப்பை மற்றொன்றில் வந்த இலாபத்திற் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தரவில்லை. அஃதாவது வாங்குதல் குற்றமன்று. இலாபத்திற் பங்கு கேட்கும் அரசு, இழப்பிற் பங்கு கொள்ளாது.

அன்பர்களே! தன் பொருளை ஒருவன் எதில் இடுவது என்பது அவனவன் உரிமை. இழந்தாற் பொறுக்கும் அளவு அறிந்து இடுவானாயின் யான் தடுக்கமாட்டேன். கல்வி நிதி நம் பொருளன்று. முதுநகரிற் கடை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தரும் ஆயிரமும், மகள் திருமணத்தன்று ஒரு தாய் நம் உண்டியலில் இட்ட ஐந்நூறும், இந்நிதியாற் படித்து வேலை பெற்ற பிள்ளை தன் முதற் சம்பளத்தில் அனுப்பியதும் சேர்ந்தது அது. அவர்கள் விலை ஏறும் என்று தரவில்லை. ஒரு பிள்ளை கரையேறும் என்று தந்தனர். நாம் அதற்குக் காவலர். காவலர்க்கு வேண்டுவது நாணயம். யான் சொல்லுவது அச்சொல்லின் இரண்டாம் பொருளை.

ஆதலின் மூன்று வேண்டுகோளுடன் முடிக்கிறேன். தீர்மானம் கொணர்ந்த இளைஞர்கள் அதனைத் தாமே திரும்பப் பெறுவாராக. இரண்டாவதாக, நுட்பத்தின்மேல் நமக்குள்ள அன்பு மெய்யாயின், நிதியின் வட்டியில் ஒரு சிறு கூறு கொண்டு, விடுமுறைதோறும் நம் மாணவர்க்கு மறையீட்டுக் கணிதமும் கணிப்பொறி நிரல் எழுதுதலும் பயிற்றும் வகுப்பொன்றைச் சிதம்பரத்தில் நடத்துவோம். தீர்மானம் கொணர்ந்த அப்பிள்ளைகளே அதற்கு ஆசிரியராகட்டும். ஏட்டந்தாதியை விலைக்கு வாங்கினவர் பலர். அதனை எழுதத் தெரிந்தவர் சிலர். நம் பிள்ளைகள் அச்சிலருள் இருப்பாராக. மூன்றாவதாக, இதிற் பொருள் இழந்தவர் நம்முள் இன்னும் பலர் இருப்பர். வீட்டிற்குச் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்து நோவோரும் இருப்பர். அவர்கள் வெட்கப்படாமல் வெளியிற் சொல்வாராக. தமிழாசிரியன் ஒருவன் இம்மேடையிற் சொன்னபின் மற்றவர் சொல்லுதற்கு இழுக்கில்லை.

என் மருமகள் இவ்வாண்டு படிப்பு முடித்தாள். அவள் பயின்றது கணிப்பொறியியல். சென்ற திங்கள் அவளிடம் சென்று, 'பிளாக்செயின் என்றால் என்னம்மா?' என்று கேட்டேன். தாளெடுத்து வரைந்து, ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். அந்தாதி என்று யான் இன்று கூறியது அன்று அவள் விளக்கங் கேட்டு என் மனத்தில் எழுந்ததே. மூன்று இலட்சம் ரூபாயை இழந்து வாங்கமுடியாத அறிவை, அவ்வடகு வைத்த வளையல்கள் நம் குடும்பத்திற்கு வாங்கித் தந்தன.